ஒரு காதில் மட்டும் பஞ்சு

சலவைக்கூடத்தில் அவருக்குத் தூறல் என்று பெயர். கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்கிற ஆளில்லை. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை நசநசவென்று குறைதான். டீ தண்ணீராக இருக்கிறது, மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிவிடுகிறது, ஆஸ்பத்திரி விரிப்புகளில் கறை போவதே இல்லை. அவர் சொன்னதில் பொய் கிடையாது. உண்மையைத்தானே சொல்கிறோம், எதற்காக நிறுத்த வேண்டும் என்று நினைத்தார். கெட்டிக்காரர்கள் பலர் வழுக்கி விழுகிற இடம் அது.

ஈர விரிப்புகளை, சுருக்கம் நீக்கி உலர்த்தும் சூட்டு உருளைக்குள் செலுத்துவது அவர் வேலை. ஒரு முனையை அவர் பிடிப்பார். மறுமுனையை மனைவியின் தம்பி. உருளையை நிறுத்தும் பொத்தான் மைத்துனன் பக்கம் மட்டும்தான் இருந்தது. அதையும் மேற்பார்வை அம்மாவிடம் சொல்லியிருந்தார், டீ, மின்விசிறிக் குறைகளுக்கு நடுவில் ஒரு குறையாக. பார்க்கலாம் என்று அந்த அம்மா நகர்ந்துவிட்டார்.

அன்று ஏதோ புலம்புவதற்காக மைத்துனன் பக்கம் தலையைத் திருப்பினார். சட்டைக் கையை உருளை கவ்வியது.

"மாப்ள, நிறுத்து!"

"ஆமா மாமா," என்று தலையாட்டிவிட்டு அடுத்த விரிப்பை எடுக்கக் குனிந்தான் மைத்துனன்.

மறுபடி கத்தினார். மறுபடி தலையாட்டினான். துணி மடித்துக்கொண்டிருந்த பெண் பாய்ந்து வந்து பொத்தானை அறைந்தபோது, சட்டை முழங்கைவரை கிழிந்து உள்ளே போயிருந்தது. நல்லவேளை, மணிக்கட்டில் தோல் மட்டும்தான் வெந்திருந்தது.

மைத்துனன் இடது காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினான்.

"மிஷின் சத்தத்துக்கா?" என்று கேட்டார்.

மைத்துனன் பஞ்சை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான். மோட்டார் இருந்தது அவனுடைய வலப்பக்கம். அந்தக் காதில் பஞ்சு இல்லை. இடப்பக்கம் நிற்பவர் இவர்.

"எப்போலேருந்து?"

"நீங்க வேலைக்குச் சேர்ந்த வாரத்துலேருந்து மாமா. மனசு கஷ்டப்படுவீங்களேன்னு நடுநடுவுல ஆமா போட்டுக்குவேன்."

வெந்த இடம் எரிந்தது. அதைப் பற்றி அங்கே யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்ல வாய் திறந்ததும் மனைவி குழாயை அகலத் திறந்தாள். இத்தனை காலமும் அவள் பாத்திரம் கழுவுவதாகவே நினைத்திருந்தார்.

மறுநாள் மேற்பார்வை அம்மாவிடம், தன் பக்கமும் ஒரு பொத்தான் வேண்டும் என்றார். வேறென்ன என்று அந்த அம்மா காத்திருந்தார். வேறொன்றுமில்லை என்றதும் நிமிர்ந்து பார்த்தார். வாரத்துக்குள் பொத்தான் வந்தது.

மைத்துனனும் பஞ்சை விட்டிருந்தான். ஆனால் காயம் ஆற ஆற, தூறலும் மெல்லத் தொடங்கியது. ஒரு காலையில் இடது காதில் மறுபடி பஞ்சு. அதுதான் இரண்டு பக்கமும் பொத்தான் இருக்கிறதே. உருளை கவ்வியபோதுகூட அவருக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. பஞ்சைப் பற்றிக் குறை சொல்ல வாய்வரை வந்ததை விழுங்கினார். பிறகு டீயை விழுங்கினார். மின்விசிறியையும் விழுங்கினார். சொல்வதற்கு வேறு எதுவும் மிஞ்சாததால் அன்று முழுக்க துணியைப் பார்த்தார். சுருக்கமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அத்தனை நேர்த்தியாகத் துணியை உள்ளே விடுகிறோம் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது.

அதைச் சொன்னார், ஒரே வரியில். உதடு அசைந்து உடனே நின்றுவிட்டதைக் கண்ட மைத்துனன் பதறிப்போய்ப் பஞ்சை உருவிக்கொண்டே பொத்தானுக்குத் தாவினான்.

"என்ன மாமா, கை மாட்டிக்கிச்சா?"

"இல்ல மாப்ள. துணி நல்லா போகுதுன்னேன்."

மைத்துனன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தூக்கி எறியவில்லை.