ஆங்கில வரிக்கு மேலே பென்சில் தமிழ்

1. திங்கட்கிழமை

அதிபர் வகுப்பு வாசலில் நின்று, "டீச்சர், நாளைக்கு வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து இங்கிலிஷ் ஆலோசகர் வர்றாராம். உங்க எட்டாம் வகுப்பைத்தான் பார்க்கணுமாம்," என்றார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஆங்கிலம் நன்றாக வாசிக்கிறார்கள் என்று பதிவேட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பியவள் நான்தான்.

பொய் எழுதியதாக நான் நினைக்கவில்லை. பிள்ளைகள் வாசித்தார்கள், கேட்டேன். எப்படி வாசித்தார்கள் என்றுதான் பார்க்கவில்லை. அன்று பாடப்புத்தகங்களைப் புரட்டினால், ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் பென்சிலால் 'த பாமர் வென்ட் டு த மாக்கட்' என்று தமிழில் எழுதியிருந்தது. ஒருவர் இருவர் அல்ல, முழு வகுப்பும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். தினமும் மாத்தளையிலிருந்து பலாபத்வல பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து படிப்பிக்கிற எனக்கே காதில் பூ சுற்றிவிட்டார்கள் என்று கொதித்தேன்.

"எல்லாரும் அழிரப்பர் எடுங்க. ஒரு எழுத்து மிஞ்சக் கூடாது!"

முன் வாங்கில் இருந்த றிஸ்னா மெதுவாக எழுந்தாள். "டீச்சர், அழிச்சா நாளைக்கு எப்படி வாசிக்கிறது?"

"கண்ணால வாசி!"

மணி அடிக்கும்வரை அழித்தார்கள். சில பக்கங்கள் கிழிந்தும் போயின.

2. செவ்வாய்க்கிழமை

ஆலோசகர் அதிகம் பேசாத மனிதர். என் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, "முன்னுக்கு இருக்கிற மகள், வாசிங்க பார்ப்போம்," என்றார்.

றிஸ்னா புத்தகத்தை விரித்தாள். இரண்டு சொல் வாசித்தாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

"இந்தப் பிள்ளை நல்லா வாசிக்கிறாண்டு எழுதியிருக்கே டீச்சர்?"

நான் வாய் திறக்கும் முன் அவளே சொன்னாள். "டீச்சர் சொல்லித் தந்தாங்க சேர். நான்தான் மறந்துட்டேன்."

மற்றப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் என் கையெழுத்து தப்பிவிடும், அவள் வாசிக்கத் தெரியாத பிள்ளையாகிவிடுவாள். எழுதவே வெட்கமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் நான் பேசாமல்தான் நின்றேன். ஆலோசகர் பதிவேட்டில் அவளுடைய பெயருக்கு நேரே பேனையைக் கொண்டுபோனபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"சேர், அவ மறக்கல்ல. நேத்து நான்தான் அழிக்கச் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசுவார் என்று நின்றேன். அவரோ சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து றிஸ்னாவிடம் நீட்டினார்.

"தேவையான இடத்துல மட்டும் எழுதிட்டு வாசிங்க மகள்."

அந்தப் பக்கத்தில் பதினொரு வரி. முந்தின நாள்வரை ஒரு சொல் விடாமல் எழுதி வைத்திருந்தவள், இப்போது ஐந்தே இடத்தில் எழுதினாள். பிறகு நிறுத்தி நிறுத்தி, கடைசி வரிவரை வாசித்து முடித்தாள். மீதிச் சொற்களெல்லாம் எப்போதோ அவளுக்கு வந்துவிட்டன. அது அவளுக்கும் தெரியவில்லை, படிப்பித்த எனக்கும் தெரியவில்லை.

ஆலோசகர் பதிவேட்டைத் திருப்பித் தந்தார். "இது பிழை டீச்சர். ஒவ்வொருத்தரையும் கேட்டு, திரும்ப எழுதுங்க."

அதற்கு மூன்று வாரம் பிடித்தது.

3. பிறகு

ஓய்வு பெறும்வரை பென்சில் தமிழை நான் தடுக்கவில்லை. ஒரு சொல் வந்துவிட்டால் அதற்கு மேலே இருப்பதை அந்தப் பிள்ளையே அழிக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். "டீச்சர் தமிழ்ல இங்கிலிஷ் படிப்பிக்கிறாங்க," என்று இளம் ஆசிரியர்கள் கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அழிரப்பரைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.

அந்த வருடக் கடைசியில் றிஸ்னா அதே பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரே ஒரு சொல்லுக்கு மேலே மட்டும் தமிழ் இருந்தது.

"இதையும் அழிச்சிடுவமா?" என்றேன்.

"வேணாம் டீச்சர். இது இன்னும் வரல்ல."

அன்று எனக்காகப் பொய் சொன்னவள், இன்று பயமில்லாமல் என் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னாள். பதிவேட்டில் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.