அந்தோனியாருக்கு அடியில் ஒரு தோட்டா

சண்டைக்குப் பயந்து மன்னாரிலிருந்து ஓடிவந்த மனிதர் டென்மார்க்கில் துப்பாக்கி வாங்கினார் என்றால் கேட்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். என் அப்பா வாங்கினார். அதுவும் நூற்றைம்பது வருடப் பழசு. எனக்கு அப்போது எட்டு வயது. நிமிர்த்தி வைத்தால் அது என்னைவிட உயரம். சில்க்போர்க்கில் அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலைசெய்த டேனிஷ்காரர் ஒருவர், வா பார்க்கலாம் என்று தன் ஊர்ச் சுடும் சங்கத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கரிமருந்துப் புகையை ஒருதரம் மூக்கில் வாங்கிய அப்பா பிறகு அடங்கவேயில்லை. பொலிஸ் அனுமதி எடுத்தார். இரும்பு அலுமாரி ஒன்று வாங்கிச் சுவரோடு சேர்த்துப் பூட்டினார்.

"பயந்து ஓடிவந்த சாமானைத் தேடிப்பிடிச்சு வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சிருக்கிறார்" என்று அம்மா வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அப்பா அதையும் ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு, வந்தவருக்கு அலுமாரியைத் திறந்து காட்டுவார்.

இந்தப் பழைய துப்பாக்கிக்குத் தோட்டா கடையில் கிடைக்காது, தானே செய்ய வேண்டும். சனிக்கிழமை காலைகளில் எங்கள் சாப்பாட்டு மேசை அப்பாவின் பட்டறையாகிவிடும். பித்தளைக் கோதுக்குள் கரிமருந்தை அளந்து ஊற்றுவார். மிச்ச இடத்தை நிரப்ப அதற்கு மேலே ரவை. ஓம், அம்மா உப்புமாவுக்கு வைத்திருந்த அதே ரவைதான். கடைசியில் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் பூசிய ஈயக்குண்டை மேலே வைத்து அழுத்தினால் தோட்டா தயார். அம்மா உப்புமா கிண்டப் போனால் ரவை டப்பாவில் அடிதான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை அம்மா குசினியில் நின்று விபோர்க்கிலிருக்கும் பெரியம்மாவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஞாயிறு, சங்கத்தில் போட்டி. தேவாலயப் பூசையை விட்டுவிட்டு அப்பா அதற்குப் போகப் போகிறார். "நாளைக்கு இந்த மனிசன் உந்தத் துவக்கைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டால், நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்க வாறன் அக்கா" என்றார் அம்மா. அம்மா கோபத்தில் ஆயிரம் சொல்வார் என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு நான் நம்பிவிட்டேன். விபோர்க்கில் புதுப் பள்ளிக்கூடம், அப்பா இல்லாத வீடு.

போட்டிக்குப் பதின்மூன்று தோட்டா வேண்டும். அப்பாவிடம் இருந்ததும் பதின்மூன்று கோதுகள்தான். "ஒண்டு குறைஞ்சாலும் போகேலாது" என்று அவர் அடிக்கடி சொல்வார். ஆகவே நான் ஒன்றைக் குறைத்தேன். அக்கா உங்களோடும் கதைக்க வேணுமாம் என்று அம்மா கூப்பிட, செய்துகொண்டிருந்ததை அவசரமாக முடித்துவிட்டு அப்பா எழுந்து போனார். கடைசியாகச் செய்து வைத்த தோட்டாவை எடுத்தேன். என் பெருவிரலைவிடத் தடிப்பு. விறாந்தையில் ஒளிக்க இடமில்லை, என் அறையை அம்மா தினமும் கிளறுவார். வரவேற்பறைத் தட்டில் அந்தோனியார் சுரூபம் நின்றது. சுண்ணச்சாந்தால் செய்தது, உள்ளே வெறும் கோறை. தூக்கி உள்ளே வைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அப்பா திரும்பிவந்து எண்ணினார். மறுபடி எண்ணினார். அவர் முகம் மாறியதைப் பார்த்து அம்மாவும் ஏசுவதை மறந்து தேடத் தொடங்கினார். மருந்து நிரப்பிய தோட்டா, சின்னப் பிள்ளை இருக்கும் வீடு. சோபா மெத்தைகளைப் புரட்டினார்கள், குப்பைப் பையைக் கொட்டினார்கள். என்னைக் கேட்டபோது டேனிஷில் "தெரியாது" என்றேன்.

பிறகுதான் அம்மா, மன்னாரில் எது தொலைந்தாலும் எங்கள் ஆட்கள் செய்வதைச் செய்தார். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தோனியாரிடம் போனார். காணாமற்போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர்தானே. மெழுகுதிரியைக் கொளுத்தி அவர் காலடியில் ஊன்றிவிட்டுக் கண்ணை மூடினார்.

கரிமருந்துக்கும் நெருப்புக்கும் ஆகாது என்று அப்பா எனக்கு நூறுதரம் சொல்லியிருந்தார். ஓடிப்போய் திரியை ஊதி அணைத்துவிட்டு, அதற்குள் இருக்கிறது, வெடிக்கப் போகிறது, நான்தான் வைத்தேன் என்று டேனிஷில் கத்தினேன்.

"தமிழில சொல்லு" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

தமிழில் சொன்னேன். அப்பா சுரூபத்தைத் தூக்கினார். தோட்டா குளிர்ந்துபோய்க் கிடந்தது. அம்மா என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். அடிக்க மறந்துபோனார் என்றுதான் நினைக்கிறேன். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அப்பா தோட்டாவை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சநேரம் உருட்டிப் பார்த்தார். போன் அவசரத்தில் முடித்தது என்று நினைவு வந்ததோ என்னவோ, மேசைக்குப் போய் ஈயக்குண்டைக் குறட்டால் மெதுவாகப் பிடுங்கினார். கோதைப் பத்திரிகையில் கவிழ்த்தார். ரவை கொட்டியது. ரவை மட்டும். வெள்ளை வெளேரென்று. கறுப்பாக ஒரு துகள்கூட இல்லை.

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மருந்தே இல்லை, வெடித்திருக்காது என்று நான் சந்தோஷத்தில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய், நான் ஊதி அணைத்த மெழுகுதிரியைத் தானே கொளுத்தினார். மற்றப் பன்னிரண்டையும் பிடுங்கினார்; எல்லாவற்றிலும் மருந்து இருந்தது. பிறகு அம்மாவைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அம்மா அழுவது கேட்டது. மறுநாள் மூவரும் பூசைக்குப் போனோம்.

பதினெட்டு வயதில் நானும் அதே சங்கத்தில் சேர்ந்த அன்றுதான் அப்பா விஷயத்தைச் சொன்னார். அந்தத் தோட்டாவைச் சுட்டிருந்தால் அடியிலிருக்கும் சின்ன வெடிமூடி மட்டும் வெடித்து, குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கும். பக்கத்தில் பத்துப் பேர் சுடும் சத்தத்தில், புதுசாகப் பழகிய மனிதர் கவனிக்காமல் அடுத்ததைப் போட்டு விசையை இழுத்திருந்தால், குழல் அவர் முகத்துக்கு முன்னால் வெடித்திருக்கும்.

எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். அந்தப் பூசைக்கு அடுத்த சனிக்கிழமை அம்மா ஒரு ரோர்ச் லைட்டோடு அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். ரவை போடுமுன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் வெளிச்சம் அடித்து எட்டிப் பார்த்து, "ஓம், இருக்கு" என்றார். பதின்மூன்று தரம். அம்மாவுக்கும் துவக்கு பிடித்துவிட்டது, இனி விபோர்க்குக்குப் போகத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டு நான் சைக்கிள் ஓடப் போய்விட்டேன்.