அப்பாவுக்குக் கொடுத்த அட்மின் உரிமை

அப்பாவின் கம்ப்யூட்டருக்கு அப்பாதான் அட்மின். பெங்களூரிலிருந்து அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்த அண்ணன் அப்படித்தான் சொன்னான். "எல்லா உரிமையும் உங்ககிட்டதான்ப்பா இருக்கு. என்ன வேணும்னாலும் மாத்திக்கங்க." மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போனது. சபையில் யாராவது விசாரித்தால், "நான்தான் அட்மின்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அதற்குச் சில மாதம் முன்பு, பென்ஷன் சம்பந்தமாக வந்த ஒரு குறுஞ்செய்தியை நம்பி அதிலிருந்த லிங்கை அமுக்கி, பேங்கில் வைத்திருந்ததில் பெரும்பகுதியை அப்பா பறிகொடுத்திருந்தார். நாங்கள் யாரும் அவரைத் திட்டவில்லை. ஒரு நாள் உட்கார வைத்து நன்றாகத் திட்டித் தீர்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் சபையில் அப்பா பிரசங்கம் செய்வார். வாரமெல்லாம் உட்கார்ந்து அதை டைப் அடிப்பார். அவர் விரலுக்குப் பழகியது பழைய தமிழ் டைப்ரைட்டர் எழுத்து வரிசை. கம்ப்யூட்டரில் அதைத் தேடி மாற்றி வைத்துக்கொண்டார். எழுத்தையும் பெரிதாக்கினார். மறுநாள் காலையில் திறந்தால் இரண்டும் பழையபடியே இருந்தன.

"பாப்பா, நேத்து நான் கீபோர்டை மாத்துனேன்ல?"

"எனக்கெப்படிப்பா தெரியும்? காலேஜுல கிளாஸ் எடுக்க நேரமாச்சு, வாரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

திரும்ப மாற்றினார். திரும்பவும் காணோம். ஆனால் அவர் எழுதிய பிரசங்கம் மட்டும் கடைசி வரிவரை பத்திரமாக இருந்தது. அதுதான் அவரை உடைத்துப் போட்டது. கணக்கு வாத்தியார் இல்லையா, படிப்படியாக நிரூபித்து என்னிடம் சொன்னார். "எழுதுனது எல்லாம் அப்படியே இருக்கு. அப்ப மிஷின் சரியாத்தான் இருக்கு. மாத்துனேன்னு நான் நெனைக்கிறதுதான் நடக்கவே இல்ல."

ஸ்கூட்டர் சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அடுப்பைப் பற்ற வைப்பதை நிறுத்தினார். போதகரிடம் போய், இனிமேல் பிரசங்கத்துக்கு என்னைப் போடாதீங்க என்று சொல்லிவிட்டு வந்தார். கடைசியில் அவரே நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னார். டாக்டர் ஏதேதோ கேட்டுப் பார்த்துவிட்டு, "பயந்துதான் போயிருக்கீங்க, வேற ஒண்ணும் தெரியல" என்றார். தன் மனம் நோகக் கூடாதென்று டாக்டர் சொன்னதாகவே அப்பா அதை எடுத்துக்கொண்டார்.  

அந்த வாரம் என் லேப்டாப் ரிப்பேர். அப்பாவின் மேசையில் உட்கார்ந்து வினாத்தாள் அடித்தேன். எழுந்திருக்கும்முன், பாவம் மனுஷர் என்று டைப்ரைட்டர் வரிசையை நானே போட்டுவிட்டு அணைத்தேன். மறுநாள் அது இல்லை. மறதி என்று என்னை நானே சந்தேகப்படும் ஆள் இல்லை நான். எனக்கு இருப்பதெல்லாம் கோபம்தான். செட்டிங்ஸுக்குள் போய்த் துழாவினேன். கம்ப்யூட்டரின் வகை என்று இருந்த இடத்தில் எந்தக் கம்பெனி மாடலும் இல்லை. மெய்நிகர் இயந்திரம் என்று இருந்தது.

இதைத்தான் நான் உசிலம்பட்டி ரோட்டில் ஒரு கல்லூரியில் பாடமாக நடத்துகிறேன். எழுமலையிலிருந்தும் பேரையூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்வேன்: ப்ராசஸருக்குள் அதிகாரத்தில் அடுக்குகள் உண்டு. வெளி அடுக்கில் நாம் திறக்கும் செயலிகள், உள் அடுக்கில் இயங்குதளம். உள்ளே இருப்பது வைத்ததுதான் சட்டம். ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றைப் பொய்யாக, அதாவது மெய்நிகர் இயந்திரமாக ஓட்டும்போது, அந்தப் பொய்க்குள் ஓடும் இயங்குதளம் தன்னைத்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதற்கும் கீழே ஒன்று உட்கார்ந்துகொண்டு, அது போடுகிற பெரிய உத்தரவையெல்லாம் பிடித்து நிறுத்தி, நிறைவேற்றியதுபோலப் பதில் கொடுக்கும். உள்ளே இருப்பதற்கு கெஸ்ட், விருந்தாளி என்று பெயர். தான் கெஸ்ட் என்பதே அதற்குத் தெரியாதபடி ஓட்டுவதுதான் நல்ல ஏற்பாடு என்று போர்டில் எழுதிப் போட்டவள் நான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, அப்பா கம்ப்யூட்டர்ல என்னத்தச் செஞ்சு வச்சிருக்க?"

"செக்யூரிட்டிக்குத்தான். ஒவ்வொரு தடவை அணைச்சுத் தொறக்கும்போதும் நான் முதல்ல வச்ச மாதிரியே ஆயிரும். எந்த லிங்கைத் தொட்டாலும் ஒண்ணும் ஒட்டாது. அவரு எழுதுறது மட்டும் வெளியில தனியா சேந்துக்கும்."

"அதை அவர்கிட்டச் சொல்லிட்டுச் செஞ்சா என்ன?"

"உங்களை நம்பலைன்னு பெத்தவரு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்லச் சொல்ற?"

"நீ சொல்லாமப்போயி, இப்ப அவரு அவரையே நம்பல. சாவியக் குடுத்துட்டாரு, பிரசங்கத்தை விட்டுட்டாரு. போதுமா?"

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை.

அன்று சாயங்காலமே அப்பாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டினேன். அவர் மாற்றியதை எல்லாம் எது எப்படி அழித்தது என்று விளக்கினேன். அவருக்கு விளங்கியது. அவருக்கா விளங்காது?

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்லப்பா."

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, சாவியைக் கேட்டு வாங்கி, ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடப் போனார். நான் அந்த ஏற்பாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நேரடியாக ஒரு இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். அப்பா மறுபடியும் பிரசங்கம் செய்தார். அண்ணன்மேல் கோபப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. என்ன, வீட்டில் எந்தப் பொருள் இடம் மாறியிருந்தாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

சில வருஷம் கழித்து மறதி நிஜமாகவே வந்தது. சபையிலிருந்து கிளம்பியவர் வீட்டுக்கு வழி தெரியாமல் அழகர்கோவில் ரோட்டில் போய் நின்றுகொண்டிருந்தார். அதே டாக்டர்தான் பார்த்தார். இந்தத் தடவை மூளையைப் படம் எடுத்து, விளக்கிச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். என் பிள்ளைங்க செய்யிற வேலை இது" என்றார். எனக்கு அங்கேயே செத்துப்போய்விடலாம்போல இருந்தது. மாத்திரையை அவர் தொடவே இல்லை. கெஞ்சினேன், அழுதேன், கத்தினேன். "அன்னைக்கும் ஒண்ணும் சொல்லாமத்தான இருந்தீங்க" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மறந்துபோனது, வாழ்நாளெல்லாம் நடத்திய தேற்றங்கள் மறந்துபோயின. இது ஒன்று மட்டும் மறக்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் அப்பா அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி முன்னால் வந்து நின்றார். உட்காருங்கப்பா என்றதற்கு உட்காரவில்லை. ஹெட்மாஸ்டர் ரூமில் நிற்கிற பையனைப்போலக் கைகளைக் கட்டிக்கொண்டார். அண்ணனை அவர் எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, தப்பு என்னுதுதான். அந்த லிங்கை நான் தொட்டிருக்கக் கூடாது. இனிமே எதையும் தொட மாட்டேன், சத்தியமா. எனக்கு மறந்துபோன பேரு, வழி, தேற்றம், நீ எடுத்து வச்சதையெல்லாம் எனக்குத் திருப்பிக் குடுத்துரு."

அண்ணன் என்னைப் பார்த்தான். உண்மையைச் சொல்லு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினேன்.

"சரிப்பா. குடுத்துர்றேன்" என்றான்.

"எப்ப?" என்று கேட்டார் அப்பா.