அந்தத் தட்டை ஓடவிடாதீர்கள்

செவ்வாய்க்கிழமை காலை இலுப்பூரிலிருந்து அழைப்பு வந்தது. நம் டெலிபோன் ஆபரேட்டர் ராமையா அண்ணன் போய்விட்டார் என்றார்கள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டேன்.

அவரிடம் பேசிய உங்களுக்குத் தெரியும். நம்பரைக் கேட்டால் ஆளையே பிடித்துக் கொடுப்பார். "டாக்டர் இப்பத்தான் தாலுகா கச்சேரிப் பக்கம் போனாரு, அங்கிட்டுப் பிடிச்சுத் தாரேன், வச்சிறாதீங்க" என்பார்.

யுத்தம் வந்ததும் லைன்கள் சர்க்கார் காரியத்துக்கே போதவில்லை. மேலதிகாரிக்கு ஒரு மகா யோசனை உதித்தது. அண்ணனை மதராஸுக்கு அழைத்துப்போய், "லைன் காலியில்லை, பிறகு கூப்பிடவும்" என்று கிராமபோன் தட்டில் பேசவைத்தார். சர்க்கார் அழைப்பு தவிர எது வந்தாலும் வாய் திறக்காமல் தட்டை ஓடவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

ஒரு மத்தியானம் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். இலுப்பூர் லைன் வந்தது. அவருக்கு உதவியாளாக இருந்த நான் தட்டை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு விவசாயி. பிரசவமான மனைவிக்கு உதிரம் நிற்கவில்லை, டாக்டர் வேண்டும். தட்டு பேசும் என்று அவர் எங்கே கண்டார்? அது சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகப் பொறுத்திருந்து, மறுபடி மறுபடி கெஞ்சியிருக்கிறார். அந்தம்மாள் பிழைக்கவில்லை.

மறுவாரம் அந்த விவசாயி ஆபீசுக்கே வந்தார். அண்ணன் பேசியதும் குரலை அடையாளம் கண்டுகொண்டார். சத்தம் போடவில்லை.

"அம்புட்டுக் கெஞ்சுனேங்க. ஒரு வார்த்த மாத்திச் சொல்லலையே நீங்க."

அது நானில்லை என்று அண்ணன் சொல்லவில்லை. எழுந்து போய்த் தட்டை எடுத்தார். முழங்காலில் வைத்து உடைத்தார்.

சர்க்கார் சொத்தை நாசமாக்கினார் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. பிள்ளைகுட்டிக்காரன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட சமாதானம். பிறகு ஊருக்குப் போய் அவரைப் பார்த்தபோது, "நீ ஊசியத்தான் வச்ச தம்பி. பேசுனது நாந்தான" என்றார்.

வேலையைத் திரும்பக் கேட்டு அண்ணன் அனுப்பிய மனுக்களை ஒருமுறைகூடப் பிரித்துப் பார்க்காத அதே அதிகாரி இப்போது இரங்கல் கூட்டம் கூட்டுகிறார். அதே பேச்சின் இன்னொரு தட்டு அவரிடம் இருக்கிறதாம். அன்னாரின் குரலைக் கேட்டு மகிழலாம் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார். தயவுசெய்து அதை ஓடவிடாதீர்கள்.

அந்த விவசாயியும் வருகிறாராம். தட்டு சுழலும் முன் அவர் எதிரில் போய் நின்று, அன்றைக்கு ஓடவிட்டவன் நான் என்று சொல்லப்போகிறேன். அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது, என்னைக் காட்டிக்கொடுக்காத அந்த ஒரு நிமிஷ மௌனம். அதை இனிமேலும் வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.