நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு வார்த்தை

சௌந்தரராஜன் கணினியில் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்ததைத் தேடுவதற்குள் லாரிக்காரர்கள் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி போய் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நம்பவில்லையா? சரி, பாதி வழி போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் சிப்காட்டில் பம்பு உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி. சரக்கு அனுப்பும் மேசையில் அவருக்குப் பத்தொன்பது வருஷம், இரண்டே விரல். பில்லில் ஒரு வரி அடித்ததும் அதை வாய்விட்டுச் சொல்வார், டிரைவர் வெங்கடப்பனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதால் தெலுங்கில். லாரிக்குள் நிற்கும் வெங்கடப்பன் அந்தப் பெட்டியைத் தட்டிக் காட்டுவார். அப்புறம்தான் அடுத்த வரி.

புது மேனேஜர் மெல்வின் வந்தார். "நிமிஷத்துக்கு நாப்பது வார்த்தை அடிக்கணும் சார். ஒரு மாசம் டைம். இல்லன்னா பேக்கிங்குக்குப் போயிடுங்க."

ஐம்பத்துநாலு வயதில், தேய்ந்த முதுகெலும்போடு, பெட்டி தூக்குவதா? பாகலூர் ரோட்டில் டைப்பிங் வகுப்பில் சேர்ந்தார்.

"அங்கிள், கீபோர்டு எங்கயும் ஓடிப்போவாது. மொறைக்காதீங்க" என்று பக்கத்து மேசைப் பெண் கிண்டலடித்தாள்.

பரீட்சையில் நாற்பத்திரண்டு! மெல்வின் கைதட்டினார். ஆனால் அந்த வேகத்தில் விரலும் வாயும் சேர்ந்து ஓடவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

"ஏன் சார், எம்மேல கோவமா? பேசவே மாட்டேங்கிற?" என்று கேட்டார் வெங்கடப்பன்.

"இல்லப்பா. ஸ்பீடு."

மூன்றாம் வாரம் புனே போகவேண்டிய பெட்டிகள் கோயம்புத்தூரில் இறங்கின. பில்லில் 'சரிபார்த்து ஏற்றினேன்' என்ற இடத்தில் இருந்தது வெங்கடப்பனின் கையெழுத்து. அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

சௌந்தரராஜன் மேனேஜர் அறைக்கு ஓடினார். "தப்பு என்னுது சார். நான் படிச்சுச் சொல்லியிருந்தா பெட்டி மாறியிருக்காது."

மெல்வின் திரையைத் திருப்பிக் காட்டினார். "ஒரு நாளைக்கு முப்பது பில்லு இருந்தது அம்பத்தஞ்சு ஆயிருக்கு. உங்கள எப்படி சார் விடுவேன்? டிரைவர் எத்தன பேர் வேணாலும் கெடைப்பாங்க."

'அப்படின்னா என்னை பேக்கிங்குக்கு அனுப்புங்க. பழையபடி அவனை ஏத்தச் சொல்லுங்க.' இதைச் சொல்லத்தான் நின்றார். மகள் லாவண்யாவுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. சொல்லாமலே வெளியே வந்தார்.

கேட் அருகே, மடித்த போர்வையும் தூக்குச்சட்டியுமாக வெங்கடப்பன் காத்திருந்தார்.

"உன் வேலைக்கு ஒண்ணும் இல்லல்ல சார்?"

"இல்லப்பா."

"அது போதும். பாப்பா படிக்கிறா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

சௌந்தரராஜன் மேசைக்குத் திரும்பினார். அன்றைக்கு அறுபத்தொரு பில் ஆயிற்று. மெல்வின் வந்து கை கொடுத்தார்.