சீமெந்து பூசாத ஜன்னல்

ஆலங்குடாவில் ஒரு சின்ன ஹோட்டலில் எனக்கு மேசன் வேலை. பழைய காலத்து வீடு போலத் தெரிய வேண்டுமென்று சாய்மனைக் கதிரையும் பித்தளை விளக்கும் வைத்து, சுவரில் அழகுக்காக ஒரு பழைய நீல ஜன்னலையும் பதித்திருந்தார்கள். திறந்தால் பின்னால் வெறும் சுவர்தான். கடற்காற்று வந்ததும் அது கடகடவென்று ஆடியது.

அது எங்கள் வீட்டுச் சத்தம்.

யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இந்தப் பக்கம் வந்து நாங்கள் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்தபோது, மதுரங்குளியில் இடித்த வீடொன்றின் ஜன்னலை வாப்பா சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். வைக்கச் சுவர் இல்லாததால் கிடுகில் சாய்த்து வைத்தார்.

"ஊருக்குப் போகப்போறம் எண்டு சொல்லிட்டு, இங்க என்னத்துக்கு ஜன்னல்?" என்று உம்மா கேட்டார். நானும் தங்கச்சியும் அதைத் திறந்து திறந்து கிடுகைப் பார்த்து விளையாடினோம். கையெல்லாம் துரு மணக்கும்.

பிறகு கல்வீடு கட்டினோம். ஜன்னலைப் பொருத்த வாப்பா சீமெந்து குழைத்தபோது, உம்மா சட்டியைத் தள்ளி வைத்தார்.

"சீமெந்து வேணாம். போகேக்க கழட்டோணும்."

வாப்பா மரத்துண்டுகளைச் செருகி அதை நிறுத்தினார். கச்சான் காற்றில் அது ஆடும்போது எங்களுக்குத் தூக்கம் வராது. உம்மா மட்டும் நிம்மதியாகத் தூங்குவார்.

வாப்பா, உம்மா இருவரையும் இங்கேதான் அடக்கினோம். மேசனான நான்கூட அந்த மரத்துண்டுகளில் இன்னும் கைவைக்கவில்லை.

"மேசன் பாஸ், ஆடாம இறுக்கி விடுங்க," என்றார் ஹோட்டல் மேனேஜர்.

இந்த ஜன்னல் எந்த ஊருக்கும் திரும்பிப் போகவேண்டியதில்லை. நன்றாக இறுக்கிப் பூசினேன்.