சின்னசேலத்திலிருந்து மலைக்கு ஒரு ரயில்

நர்சிங் மூன்றாம் ஆண்டில் எங்களை மனநலப் பிரிவுக்குப் போஸ்டிங் போட்டார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. ஆளுக்கொரு நோயாளி. அவரோடு தினமும் உட்கார்ந்து பேசி, பேசியதை நோட்டில் எழுதி, கடைசியில் டியூட்டர் மேடம் முன்னால் கேஸ் ஸ்டடியாகப் படிக்க வேண்டும். மார்க் அதற்குத்தான்.

நோயாளிகளைப் பிரித்துக் கொடுத்த அன்றே என் தலையெழுத்து தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு வந்தவர் காதுக்குள் இரண்டு பேர் ஓயாமல் பேசுவதாகச் சொன்னார். முதல் நாளே அவள் பத்துப் பக்கம் எழுதிவிட்டாள். இன்னொருத்திக்கு வந்த பெரியவர் ரிஷிவந்தியம் முழுக்கத் தன் பெயரில் பட்டா இருப்பதாகச் சொல்லி, அவளுக்கும் ஐந்து ஏக்கர் கொடுத்துவிட்டார். அந்த மனிதர்கள் படுகிற பாட்டைப் பார்க்காமல், அவர்கள் எனக்குக் கிடைக்கவில்லையே என்று பொறாமைப்பட்டேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு வந்தவர் கல்வராயன் மலையைச் சேர்ந்த ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்த புதிதில் ராப்பகலாகத் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தாராம். நான் போனபோது மருந்து வேலை செய்து, நன்றாகத் தேறி, தலைவாரிப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றால் நன்றாக இருக்கிறேன் என்பார். தூங்கினீர்களா என்றால் தூங்கினேன் என்பார். மூன்று நாளில் எனக்கு முக்கால் பக்கம் தேறியது, அதிலும் பாதி தேதியும் வார்டு எண்ணும்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவராகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா இந்த வார்டில் இருப்பது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது, ஆத்தூரில் உறவினர் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவர் வீட்டில் இல்லையென்றால் பேச்சு அதோடு முறிந்துவிடும். வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். கணவரும் வீட்டுக்கு வெள்ளையடிக்க மலைக்குப் போயிருந்தார். இதையும் எழுதிக்கொண்டேன். ஆனால் இதற்கு யார் மார்க் போடுவார்கள் என்று சலிப்பாக இருந்தது.

நான்காம் நாள், வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"எங்க வூட்டுக்குக் கலெக்டர் வந்து கேவுரு கூழு குடிச்சாரு பாப்பா," என்றார்.

பேனா மூடியைப் பல்லால் பிடுங்கினேன். தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்ளும் பிரமைக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் முழுசாக ஒரு பக்கம் உண்டு. சிவப்பு மையில் இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.

மறுநாள் என்னைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்துவிட்டார். கலெக்டர் வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாராம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையைப் பெயர்த்து மலைமேல் வைக்கலாமா என்று யோசனை கேட்டாராம். புகை ஜாஸ்தி, வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டாராம். அதற்குப் பதிலாகச் சின்னசேலத்திலிருந்து மலைக்கு ரயில் விடப்போகிறார்களாம். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் அக்கா என்றேன். அவரும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ரயிலை எழுதிவிட்டாயா என்று நோட்டை எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டுதான் அடுத்ததற்குப் போனார்.

வியாழக்கிழமை மேடம் முன்னால் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். மேடம் பாராட்டவில்லை. நாளைக்கு வீட்டுக்குப் போகிறவர் இப்படியா பேசுகிறார் என்று கேட்டுவிட்டு, நோட்டை டாக்டரிடம் கொண்டுபோனார். என் நோட்டு டாக்டர் வரைக்கும் போகிறதே என்று எனக்குப் பெருமை வேறு.

வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸில் டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டே, கலெக்டர் வீட்டுக்கு வந்தாரா என்று அக்காவிடம் கேட்டார். வந்தாருங்க என்றார். ரயில்? அக்கா நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அதுவும் வருதுங்க."

இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அப்போ ஞாயித்துக்கெழம என்று அக்கா மெதுவாகக் கேட்டது எனக்கு மட்டும்தான் கேட்டது. கட்டிவைத்திருந்த பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

சிறிது நேரத்தில் அழைத்துப்போகக் கணவர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் செல்போனைத் தேய்த்து ஒரு படத்தைக் காட்டினார். கயிற்றுக் கட்டிலில் கலெக்டர், கையில் சொம்பு, பக்கத்தில் விறைப்பாக நம்ம அக்கா. போன வருசம் மலைக்குப் பட்டா கொடுக்க வந்தபோது எடுத்ததாம். ஊருக்கே தெரியுமாம்.

அப்போ ரயில் என்று அக்காவிடம் கேட்டேன்.

"ரயிலாவது ஒண்ணாவது. மூணு நாளா வெறும் நோட்ட வெச்சிக்கினு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு ஒக்காந்திருந்த. கலெக்டர்னதும் இன்னா வேகமா எழுதன. சரி, இன்னும் ரெண்டு சொல்லுவோம்னு சொன்னேன்."

டாக்டரிடம் இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உன் நோட்டு அவரு கையில இருந்துது. நான் இல்லன்னா நீ பொய் எழுதனன்னு ஆயிடாதா?"

டாக்டர் வெள்ளிக்கிழமை மதியமே ஊருக்குக் கிளம்பிவிடுவார், திங்கட்கிழமைதான் திரும்புவார். ஓட்டமும் நடையுமாகப் புறநோயாளிப் பிரிவுக்குப் போனேன். மேடமும் அங்கேயே இருந்தார், என் நல்ல நேரம். இருவரிடமும் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். கலெக்டர் எப்போது வந்தார், எதற்கு வந்தார் என்று ஒரு கேள்வியாவது கேட்டாயா என்று மேடம் கேட்டார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கே பிரமை இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான், வேறென்ன.

டாக்டர் மறுபடி வார்டுக்கு வந்தார். படத்தைப் பார்த்தார். தூக்கம், சாப்பாடு, மாத்திரை என்று அக்காவிடமும் கணவரிடமும் வெகுநேரம் பேசினார். கடைசியாக, ரயில் வருமா வராதா என்று அக்காவையே கேட்டார். அக்கா மறுபடியும் என்னைத்தான் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் அக்கா என்றேன்.

"வராதுங்க," என்றார். "ஆனா பாப்பாவுக்கு மார்க்க மட்டும் கொறச்சிடாதீங்க. மத்த புள்ளைங்கல்லாம் நெறைய எழுதியிருக்குதுங்க."

டாக்டர் டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போட்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறை படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.